சிவநேசன் அண்ணையின் துவக்குக் குழல்

ஒக்டோபர் 12, ஞாயிறு

மூன்று மாதமாக ரைபிள் கிளப்பில் இந்தக் கதையைத்தான் சொல்லித் திரிந்தேன். சிவநேசன் அண்ணை, ஈயம் குழலில் ஒட்டாமல் இருக்க, ஈயக் குண்டுகளுக்குப் பெயின்ட் பொடி பூசி, நோர்பரியில் இருக்கும் தன் வீட்டுக் கராஜில் சின்ன மின்னடுப்பில் வைத்துச் சுட்டு எடுப்பார். "அண்ணை குண்டைச் சுட்டுப்போட்டுத்தான் குண்டால சுடுவார். அந்தப் பெயின்ட் குழலை அடைச்சுப்போடும்" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். தோள் நோவால் அண்ணை விற்க நினைத்த துவக்கை வாங்க வந்தவரும் அதைக் கேட்டுத்தான் பின்வாங்கினார்.

இன்று கிளப்பில் எங்கள் இரண்டு பேருடைய துவக்குக்குள்ளும் சின்னக் கமரா விட்டுப் பார்த்தோம். அண்ணையின் குழல் கண்ணாடி போல இருந்தது. பொடி பூசாத குண்டு சுடும் என் குழலில்தான் ஈயம் அப்பிக் கிடந்தது.

"பாத்தீரே?" என்றார் அண்ணை.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஓம் அண்ணை, என்ர வாயைப் போலத்தான் என்ர குழலும், கழுவாமல் கிடக்குது" என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை நிமிராமல் துவக்கைப் பையில் வைத்தார்.

வாங்க வந்தவருக்கு இன்னும் போன் எடுக்கவில்லை. எடுத்தால், அந்தப் பெயின்ட் கதை நான் கட்டியது என்று சொல்ல வேண்டும். அதைப் பகிடியாக்காமல் சொல்ல எனக்கு ஏலுமோ தெரியவில்லை.