படத்திறப்புக்கு ஒரு முகம்

தை 9, மன்னார்குடி

கூலித் தகராறில் வெட்டுப்பட்டு இறந்த காத்தானுக்கு நாளை படத்திறப்பு. அவருக்குப் புகைப்படமே கிடையாது. பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன இடத்தில், என் குறிப்பேட்டில் நான் படம் வரைந்து பழகுவதைப் பார்த்துவிட்ட அவர் மனைவி அஞ்சலை, "நீங்களே போட்டுக் குடுங்கய்யா" என்றார். பழக ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று சொல்லியும் விடவில்லை.

"மூக்கு இன்னும் சப்பைங்க. கண்ணு இப்படிப் பயந்தாப்புல இருக்காது."

அழித்து அழித்து வரைந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும், விடுங்க. நீங்க அழிக்க அழிக்க அவரு மொகம் எனக்கே மறந்துபோவுது."

தாளைக் கிழிக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டார்.

"அப்புறம் நாளைக்கு எது மேல மாலை போடறதாம்?"

அவர்கள் மகளுக்கு இரண்டு வயது. நான் வரைந்த அந்த யாரோ ஒருவனைத்தான் இனி அவள் அப்பா என்று நினைத்துக்கொள்வாள்.