கழுவாத வெண்டைக்காய்

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. காப்பி டம்ளரைத் தூக்கினால் விரலில் வேப்பெண்ணெய் வாடை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த வாடையோடு நீங்களும் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கம், நீங்கள் குண்டடம். ராயபுரத்தில் எதிரெதிர் வீடு. வேலையும் பனியன் கம்பெனியில், தைத்த பீஸைச் சரிபார்க்கும் ஒரே செக்கிங் மேசையில். யார் மூத்தவள் என்று முடிவாகாமலே ஒருவரையொருவர் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டோம். மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் வெண்டை போட்டது உங்கள் யோசனை. பிஞ்சை ஒடித்து, கழுவாமல் பாதி கடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவீர்கள்.

"எங்க காட்டுல பருத்திக்கு மருந்தடிச்சு மருந்தடிச்சு, வேலியோரத்துக் காயக்கூட வாயில வெக்க உடமாட்டாங்க. இது ஒண்ணாச்சும் ஒடிச்சதும் திங்கறாப்புல இருக்கோணுங்க அக்கா."

பருத்திக்கு வரும் பூச்சியெல்லாம் வெண்டைக்கும் வந்தது. முதல் வருடம் நாம் அடித்த கூத்து! பனியனில் எண்ணெய்க் கறை எடுக்கும் ஸ்பிரே பாட்டில் காலி என்று கம்பெனியிலிருந்து கொண்டுவந்து, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அதில் ஊற்றி அடித்தோம். அடியில் கறைமருந்து தங்கியிருந்தது இருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் இலையெல்லாம் கருகிக் கிடந்தது.

"பூச்சி ஒண்ணுகூட இல்லீங்க அக்கா" என்றீர்கள், அப்பாவி போல.

"செடியும்லா இல்ல" என்றேன்.

அதன்பிறகு நமக்குப் பாட்டிலே ஆகாது. கட்டிங் வேஸ்ட் துணியை வேப்பெண்ணெய்த் தண்ணீரில் நனைத்து, ஒவ்வோர் இலையாகத் துடைப்போம். நான் மேலாகத் துடைத்துவிட்டு நகர்ந்தால் விடமாட்டீர்கள். "உள்பக்கம் திருப்பிப் பாக்காம பீஸ பாஸ் பண்ணுவீங்களா?" என்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, உங்கள் விதையில் வந்ததில் மிச்சம் இப்போது ஒரே ஒரு செடி. போன வாரம் அதில் வெள்ளைவெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஒரு மருந்து பாட்டிலோடு வந்தார்.

"ஏனுங்க, கீழ எஞ்செம்பருத்திக்கும் பரவிருச்சு. இத அடிங்க. இல்லீன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள வாளிய எடுத்துருங்க."

எனக்கு அலுத்துப்போய்விட்டது அக்கா. ஆர்டர் அவசரம் என்று நாள் முழுக்க நிற்கிறேன். மாடிப்படி ஏறவே காலில் தெம்பில்லை. ஒரு மூடி கலந்து அடித்தால் வேலை முடிந்தது. பாட்டிலைத் திறந்தும் விட்டேன். அந்த நெடி தொண்டையைப் பிடித்தது. நீங்கள் வாய் வைக்காத வேலியோரத்துக் காய்கள் ஞாபகம் வந்தன. மூடி வைத்துவிட்டேன்.

தினமும் வேலைக்குப் போகுமுன் துணியோடு ஏறினேன். பெரிய பாசத்தோடு ஒன்றும் துடைக்கவில்லை. போனதுதான் போனீர்கள், இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போக வேண்டுமா என்று உங்களைத் திட்டிக்கொண்டே இலை இலையாகத் திருப்பினேன். துடைத்த இடத்தில் மறுநாளும் இரண்டு உட்கார்ந்திருக்கும். நேற்றுதான் ஒன்றுகூட இல்லை.

இன்று காலை வீட்டுக்காரர் ஏறி வந்து செடியைச் சுற்றிப் பார்த்தார். "மருந்து அடிச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றார்.

ஒரு பிஞ்சை ஒடித்தேன். கழுவவில்லை. அவர் பார்க்கப் பார்க்கக் கடித்தேன். "செரி, இருக்கட்டுங்க" என்று தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மீதிப் பாதியோடு என் கை தானாகப் பக்கத்தில் நீண்டது. நீட்டிய கையை மடக்கக் கொஞ்ச நேரமானது. அதையும் நானே தின்றேன், அக்கா.