குலுக்கிப் பார்த்த உறை

செவுன் கடைத்தெரு, சியோல்
6 ஏப்ரல் 1991

அன்புள்ள மாப்பிள்ளை கிதக்குக்கு,

நான் சுகம். என் மண்டைக்கனமும் சுகமாக இருக்கிறது என்று சேர்க்கச் சொல்கிறார், நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் பியோ அம்மா. பக்கத்துக் காபிக்கடைக்காரி. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது இந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் அவருக்கு வாய் நீளம்.

உப்பு இறால் ஜாடியும் பழைய மைக் மூட்டையும் வந்து சேர்ந்தன. இறாலில் பாதி பியோ அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. மூட்டையை என் ரிப்பேர் கடை மேஜையில் கொட்டிப் பார்த்தேன். தீவில் உட்கார்ந்துகொண்டு இத்தனையும் எங்கே பொறுக்கினீர்கள்? டெலிபோனில் இருந்தது, டேப் ரெக்கார்டரில் இருந்தது, உடைத்த படகின் பேச்சுப்பெட்டியில் இருந்தது, எல்லாம் ஒரே குவியல்.

தொண்டை அறுவைக்குப் பிறகு தங்கை மல்சுனுக்குக் குரல் வெறும் காற்றாக வருகிறது, உங்கள் மந்தக் காதுக்கு அது எட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கைக்கும் என்னைப் போலவே எழுத்துத் தெரியாது. ஒருவருக்குக் காது இல்லை, ஒருவருக்குக் குரல் இல்லை. அந்த வீட்டுக்கு டெலிபோன் இழுத்துத்தான் என்ன பயன்? விற்கிற காதுமெஷின் கூவுகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு அவள் குரலைப் பெருக்கிக் கேட்க நீங்களே ஒரு பெட்டி செய்வது நல்ல யோசனைதான்.

எந்த மைக் எது என்று எப்படிப் பிரிப்பேன் என்று கேட்டீர்கள். எடுத்ததும் காதோரம் வைத்துக் குலுக்குவேன். உள்ளே காய்ந்த மணல் சரிகிற மாதிரி கேட்டால் அது டெலிபோனுடையது, கரித்தூள் மைக். உரக்கக் கத்துகிறவர்களுக்கு ஆகும், நமக்கு ஆகாது. குலுக்கினால் சத்தமில்லை, ஆனால் திருகாணி போய் ஒட்டிக்கொள்கிறது என்றால் காந்த மைக். அதுவும் மூச்சுக்காற்றைப் பிடிக்காது. சத்தமும் இல்லை, காந்தமும் இல்லை, கோட்டுப் பித்தான் அளவு, முகத்தில் கறுப்புத் துணி: அதுதான் உங்களுக்கு. முதுகில் இரண்டு ஈயப்புள்ளி இருக்கும். எந்தப் புள்ளியிலிருந்து மெல்லிய கோடு ஓடி வெளித்தகரத்தைத் தொடுகிறதோ, அதுதான் பாட்டரியின் கழித்தல் பக்கம். மாற்றிக் கொடுத்தால் ஊமையாகிவிடும்.

அந்த ஜாதியில் நல்லதாக ஐந்தாறு பிரித்து, நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புகிறேன்.

மல்சுனிடம் நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குவாக் தொக்சு


இம்ஜா தீவு
20 ஏப்ரல் 1991

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

உங்கள் பொட்டலம் வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன், முடிச்சுப் போட்ட அத்தனையையும் கெடுத்துவிட்டேன். கம்பியைப் பற்றவைக்கப் போனேன். ஈயம் சரியாக உட்காரவில்லை என்று சூட்டுக்கோலை அழுத்திப் பிடித்தேன். பெட்டியை முடுக்கினால் காதில் இரைச்சல் வருகிறது, அவள் வரவில்லை.

மல்சுன் மெலிந்துவிட்டாள். கஞ்சிதான் ஆகாரம். சர்ச்சிலிருந்து பெண்கள் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். மகன் சாங்சோல் மீன்பிடிக் கப்பலோடு போயிருக்கிறான். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

தினமும் சாயங்காலம் அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்கிறாள். எல்லோருக்கும் ஆட்டுவதைப் போல அவளுக்கும் தலையாட்டுகிறேன். காது கேட்காதவன் வேறு என்ன செய்வான்? உடனே அவள் முகம் தெளிகிறது. அலமாரியிலிருந்து கெட்டி மெத்தையை எடுத்து வாசற்பக்கம் விரிக்கச் சொல்லிக் கை காட்டுகிறாள். விரிக்கிறேன். அதில் அவள் படுப்பதில்லை. காலையில் சுருட்டி வைக்கிறேன். எதற்கு என்று விளங்கவில்லை.

என் மேல் சலிக்காமல் இன்னும் ஒன்று அனுப்புங்கள்.

உங்கள்,
யோம் கிதக்


செவுன் கடைத்தெரு, சியோல்
3 மே 1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கெடுத்தீர்களே ஐயா, அத்தனையையும்! அந்தப் பித்தானுக்குள் இருப்பது வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு. சூடு ஏறினால் அதன் உயிர் போய்விடும். உங்களை நம்பிப் பயனில்லை என்று, நல்ல டேப் ரெக்கார்டர் ஒன்றை உடைத்து எடுத்து, நானே கம்பி பிடித்து வைத்திருக்கிறேன். சிவப்புக் கம்பி கூட்டல், கறுப்பு கழித்தல். கம்பிகளை உங்கள் பெட்டியில் முறுக்கினால் போதும். சூட்டுக்கோலைத் தொடாதீர்கள்.

இதுவும் வேலை செய்யாவிட்டால் அதையே உறையில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். விளக்கி எழுத வேண்டாம். உறையைக் குலுக்கினாலே தெரிந்துகொள்வேன்.

மெத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். சீக்காளிக்கு வாசல் காற்று ஆகாது. குளிர் தடுக்கத்தான் விரிக்கச் சொல்கிறாள் போல. சொன்னபடி விரியுங்கள்.

நான் ஏன் நேரில் போகவில்லை என்று பியோ அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார். "ஒரு பகல் பஸ், ஒரு படகு. அமெரிக்காவா போகப்போறீங்க?" என்கிறார். உங்களுக்குத் தெரியும். அப்பாவின் திதிப் படையலுக்கு முன்னால் வீடே குனிந்து கும்பிட்டபோது அவள் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து நின்றாள். சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தவள், இனிக் கும்பிட மாட்டேன் என்றாள். கும்பிடாத கால் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்றேன். அவளும் மிதிக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. மூத்தவன் நான் வலியப் போய் நின்றால் அப்பாவுக்கு என்ன மரியாதை?

அவள் வாயால் ஒரு வார்த்தை கூப்பிட்டால் அன்றைக்கே பஸ் ஏறுவேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
குவாக் தொக்சு


இம்ஜா தீவு
14 மே 1991

மச்சானுக்கு,

கேட்டுவிட்டது.

கம்பியை முறுக்கி, மைக்கை அவள் தலையணையில் குத்தி, காதில் மாட்டிக்கொண்டேன். முதலில் கூரைத் தகரத்தில் ஏதோ பறவை நடக்கிற சத்தம். பிறகு போர்வை உரசல். பிறகு அவள் மூச்சு. நான் கையைக் காட்டியதும் பேசினாள். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் உதட்டில் பார்த்த அதே அசைவுதான்.

"அண்ணன் கிளம்பிட்டாரா? நாளைக்கு வந்துடுவாரா?"

பழக்கதோஷம், தலையாட்டிவிட்டேன் மச்சான். ஆட்டிய பிறகுதான் என்ன கேட்டாள் என்பது உறைத்தது.

"தினமும் ஆமாம் ஆமாம்னு ஆட்டுறீங்களே, அவர் என்ன நத்தை மேல ஏறியா வர்றார்?" என்று சிரித்தாள். பிறகு, "தலையாட்டாதீங்க. வாயால சொல்லுங்க" என்றாள். எழுந்து மெத்தையை விரிக்கப் போனேன்.

கெட்டி மெத்தை உங்களுக்குத்தான். இளவயதில் மூட்டை தூக்கிக் கெட்டுப்போன உங்கள் இடுப்புக்கு மெல்லிய மெத்தை ஆகாதாமே. எனக்கு அது தெரியாது.

அவள் கூப்பிட்டால் வருவேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் மெத்தை விரித்த அத்தனை நாளும் அவள் உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நேற்றிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை. இதைப் படித்ததும் கிளம்புங்கள்.

கிதக்


செவுன் கடைத்தெரு, சியோல்
8 ஜூன் 1991

மாப்பிள்ளைக்கு,

மல்சுன் அடக்கத்துக்கு வந்தபோது நீங்கள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கம் என்று நினைத்தேன். காதும் கேட்காது, பேசி என்ன ஆகப்போகிறது என்று நானும் ஒதுங்கி உட்கார்ந்தேன். அது துக்கம் மட்டும் இல்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. நடந்ததைச் சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை.

உங்கள் கடைசிக் கடிதம் அவள் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. தபால்காரரிடம் வாங்கியதும் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே ஒன்றும் உருளவில்லை. மைக் திரும்பி வரவில்லை என்றால் அது வேலை செய்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. எதிர்க்கடைக்காரனைக் கூப்பிட்டு, என் தங்கை இப்போது மூச்சு விட்டாலும் மாப்பிள்ளைக்குக் கேட்கும் என்று பெருமையடித்தேன். பியோ அம்மா மகள் பிரசவத்துக்காக இன்சியோன் நகரத்துக்குப் போயிருந்தார். நல்ல சேதிதானே, வந்து படிக்கட்டும் என்று உறையைத் திருகாணி டப்பாவுக்கு அடியில் செருகிவிட்டேன்.

எதிர்க்கடைக்காரனிடம் நீட்டியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் படித்திருப்பான். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் நீட்டவில்லை. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

அப்புறம் சாங்சோல் துறைமுகத்திலிருந்து கடைக்குப் போன் செய்தான். நான் வந்து சேர்ந்தபோது உங்கள் வாசலில் சர்ச் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு எனக்கென்று ஒரு கெட்டி மெத்தை விரித்திருந்தது. இந்த வீட்டில் யாருக்கு என் இடுப்பு ஞாபகம் இருக்கிறது என்று நினைத்தபடியே படுத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டேன், மாப்பிள்ளை.

நேற்றுப் பியோ அம்மா வந்து உறையைப் பிரித்தார். "நத்தை மேல ஏறியா" என்ற இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பேசுவாள். பியோ அம்மா சிரிக்கவில்லை. மீதியைக் கண்ணால் படித்துவிட்டு, நான் மூன்று தடவை கேட்ட பிறகுதான் வாய்விட்டுப் படித்தார்.

அடுத்த மாதம் அப்பாவின் திதி. வழக்கம்போல வாசலைத் திறந்து வைப்பேன். அவளுக்கும் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறேன். அவள் கும்பிட வேண்டியதில்லை. நீங்களும் கும்பிட வேண்டியதில்லை. வந்து உட்கார்ந்து சாப்பிட்டால் போதும்.

இங்கேயும் ஒரு கெட்டி மெத்தை வாங்கி வாசற்பக்கம் விரித்திருக்கிறேன். மாப்பிள்ளை வருவாரா என்று பியோ அம்மாவை நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் தலையாட்டுவதில்லை.

உங்கள் மச்சான்,
தொக்சு