அலகில் கட்டிய சிவப்பு நூல்

அன்பு மகள் ஹேரினுக்கு,

ஆண்டோங்கிலிருந்து அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஹாம்பர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று எழுதியிருந்தாய், நான் நம்பவில்லை. உப்புப் போட்ட கானாங்கெளுத்தி அனுப்பியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்துவதற்குள் ஜன்னலைத் திறந்துவைத்துப் பொரித்துக்கொள்.

போன வாரம் கியூசோக்கின் அம்மா உங்கள் கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடி மர வாத்து கொடுத்தனுப்பினார். அப்பா பூரித்துப் போனார், அவருக்கு வெளுத்ததெல்லாம் பால். நான்தான் கவனித்தேன். பெட்டை வாத்தின் அலகில் நூலைக் காணோம். மருமகள் வாயைத் திறக்கக் கூடாது என்று பெட்டையின் அலகைச் சிவப்பு நூலால் கட்டித்தானே கொடுப்பார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் பெண்களுக்கென்று எழுதிவைத்த ஐந்நூறு வருஷத்துப் புத்திமதி கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குவதை நீயும் பார்த்தாய். மனைவியைத் தள்ளிவைக்க ஏழு குற்றங்கள், வாயாடித்தனமும் அதில் ஒன்று. உன் வாயை எந்த நூலாலும் கட்ட முடியாது என்று குத்திக்காட்டுகிறாரோ என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் அலகைச் சுற்றிச் சாயம் தேய்ந்து கோடு விழுந்திருக்கிறது. பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்று அதற்கு வேறு கோபம். பொறுக்கமாட்டாமல் அவரையே போனில் கேட்டுவிட்டேன். “அது என் கல்யாணத்து வாத்துங்க. நான்தான் அவுத்துவிட்டேன். இந்த வீட்ல ஒருத்தியாவது பேசட்டும்” என்றார். மாமியாராகப் போகிறவர் இவ்வளவு இனிப்பாகப் பேசினால் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா, அன்று முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன்.

நான் சந்தேகப்பட்டது தப்பான ஆளை. ஞாயிற்றுக்கிழமை கியூசோக் வந்தான். அப்பாவுக்குத் தைலம், எனக்கு உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழம், குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சுவாக்கில் நீ வேலையை விட்டுவிட்டு வசந்தத்தில் வந்துவிடுவாய் என்று, உன்னைக் கேட்டுச் சொல்வது போல இல்லாமல், தானே முடிவு செய்தது போலச் சொன்னான். வாத்தைப் பார்த்ததும், “அம்மா, நூல் விழுந்துபோச்சு போலிருக்கே” என்று என் தையல் பெட்டியில் தேடி எடுத்துக் கட்டினான். சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் என்று சிரித்தான். கட்டியவன் அதோடு விடாமல், இழுத்து வேறு பார்த்தான்.

பழைய புத்தி சட்டத்துக்குள் தொங்கினால் பயமில்லையடி, விரலுக்குள் புகுந்துவிட்டால்தான் பயம். அவனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறேன். கப்பல் கட்ட வரைபடம் போடுகிற வேலை உனக்குச் சும்மா கிடைக்கவில்லை, ராஜினாமாவை இப்போதைக்குக் கொடுக்காதே. அந்த நூலை ஏன் கட்டினாய் என்று அவனை நேராகக் கேள், என்ன சொல்கிறான் என்று எனக்கும் எழுது.

நல்லபடியாக, வாய் நிறையப் பேசிக்கொண்டு நூறு வயது இரு. காதை மூடிக்கொள்ள மறக்காதே. அவன் போனதும் நூலை அவிழ்த்துவிட்டேன். முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

உன் அம்மா