பையன்கள் சுடும் துப்பாக்கி

12 நவம்பர் 1976, வெள்ளி. சோஹார்.

சாகுல் பாய்க்கு எவ்வளவு திமிர்! நேற்று அவர் கடைக்குப் போய், கவுதாரி சுட மலிவாக, மக்கர் பண்ணாத துப்பாக்கி ஒன்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அரபிப் பையன்கள் சுட்டுப் பழகும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்து நீட்டினார்.

"உங்க ஒடம்புக்கு இதுதான் சார் தோதா இருக்கும். பெரிசு தோள்ல அடங்காது, ஒதைக்கும். இதுல மண்ணு புகுந்தாலும் ஒண்ணும் ஆவாது. வெலையும் பாதிதான்."

இந்த அரபு நாட்டில் தமிழ்க்காரர் என்று தேடிப் போனதற்கு இதுதான் மரியாதையா? ரோடு கம்பெனியில் ஒரு பட்டாளமே எனக்கு சலாம் போடுகிறது. அவர்கள் முன்னால் இதையா தூக்கிக்கொண்டு போவேன்? "அந்த ரெட்டைக்குழலை எடுங்க" என்றேன்.

"அச்சா சார், உங்க இஷ்டம்" என்று சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்று காலை பேரீச்சந்தோப்பில் ஒரே ஒரு முறை சுட்டேன். கவுதாரி சாவகாசமாகப் பறந்து போனது. வெயில் ஏறிவிட்டதால் அதோடு திரும்பிவிட்டேன்.

வீட்டில் கமலா, "இதைக் குடுத்துட்டு அந்தச் சின்னதையே வாங்கிக்கிட்டா என்னங்க?" என்கிறாள். இவளுமா! அந்தக் கடை வாசலை இனி மிதிக்க மாட்டேன்.

பின்னால் இதைப் படிக்கும்போது, எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று குழம்பக் கூடாது. வலது தோள் வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன்.