தலைக்கல்லும் கால்கல்லும்

நண்பா,

இன்று காலை என் மகள் கொல்லையில் உட்கார்ந்து குத்துவிளக்கைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் பழைய மஞ்சளும் கலந்த வாசனை வந்தது. தோட்டத்து எல்லையில் நீ மண்டியிட்டு, முனியாண்டியின் முதுகைத் தேய்த்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

ஜொகூர் ஆற்றங்கரை ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணி, நீ மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். ஆஸ்பத்திரி நேரம் போக உனக்கு மண்ணைக் கிளறுவதுதான் வேலை. மழை விட்டதும் கிளம்பிப்போய், நீலப் பூப்போட்ட பீங்கான் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் பை நிறையக் கொண்டுவருவாய். ஊர்க் குப்பையெல்லாம் உன் வீட்டில் என்று நான் கேலி செய்வேன். நம் தோட்டத்துக்கும் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துக்கும் நடுவே கிடந்த நீண்ட மண்மேட்டை, துரை போட்ட கரை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். நீதான் அதன்மேல் நின்ற பெரிய மரத்தைக் காட்டினாய்.

"துரைக்கு என்ன வயசு? இந்த மரத்துக்கு என்ன வயசு? அவரு வர்றதுக்கு முன்னாலேயே யாரோ இங்க எல்லை போட்டுட்டாங்கப்பா."

பழைய ஜொகூர் ராஜாக்கள் இந்த ஆற்றோரம்தான் கோட்டை கட்டி வாழ்ந்தார்களாம். அதை நீ சொன்ன பிறகு எனக்கும் அந்த மேட்டில் சும்மா நடக்க முடியவில்லை.

அதன் அடியில் எல்லை வாய்க்கால் வெட்டியபோதுதான் நம் ஆட்களுக்கு அந்தக் கல் கிடைத்தது. இடுப்பளவு உயரம், தட்டை, இரண்டு பக்கமும் தோள், உச்சியில் கொண்டை. எல்லையில் தோளை விரித்து நிற்பவர் முனியாண்டி இல்லாமல் வேறு யார்? மேட்டில் நிறுத்தி, எண்ணெயும் மஞ்சளும் பூசி, சுருட்டும் சாராயமும் படைத்தார்கள். என் மகள் குளிர்காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி அந்தக் கல்லின் முன்னால்தான் விழுந்து அழுதாள். பிள்ளை பிழைத்ததும் முடியிறக்கியதும் அங்கேதான். "கொய்னா மருந்து குடுத்தது நான், பேரு அவருக்கா?" என்று நீ சிரித்தாய்.

ஒரு ஆடிப் பூசைக்கு முன்பு, கல்லைக் கழுவும் வேலையை நீயே கேட்டு வாங்கினாய். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று பூசாரிக்கே ஆச்சரியம். பிசுக்கு உரிய உரியக் கொடியும் பூவும் தெரிந்தன. பிறகு வரிவரியாக அரபு எழுத்து. கம்பத்துப் பெரியவரைக் கூட்டிவந்தாய். அவர் குந்தி உட்கார்ந்து, உதடு அசைய வாசித்தார். அவர் மலாயில் சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். இது கல்லறைக் கல். தட்டையாக இருந்தால் பெண்ணுக்கு வைத்தது. பெயர் இருந்த இடம் தேய்ந்துவிட்டது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று ஜோடியாகத்தான் நடுவார்கள். இவ்வளவு நாளாக நாங்கள் என்ன செய்தோம் என்று அவர் கேட்டார். பூவையும் விளக்கையும் சொன்ன நீ, சுருட்டையும் சாராயத்தையும் மட்டும் விழுங்கிவிட்டாய்.

ஒரு ஞாயிறு முழுக்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லாலான் புல்லுக்குள் நீ தேடினாய். அதே கொடி, அதே பூ, கொஞ்சம் சின்னதாக இன்னொரு கல். பெரியவர் முதல் கல்லைக் கேட்டார். தோட்டமோ என் மனைவியின் முகத்தைப் பார்த்தது. பிள்ளையின் உயிரை அந்தக் கல்லில்தானே அவள் கட்டிவைத்திருந்தாள். கொடுக்கக் கூடாது என்று எனக்குள்ளேயும் பயம் இருந்தது. நீ அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினாய். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பொம்பளையா அண்ணே?"

"ஆமாம்மா."

"ஐயோ, பொம்பளைக்கா இத்தனை நாளா சுருட்டு வச்சோம்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கெடந்தா எப்படித் தூங்குவாங்க? குடுத்துடுங்க."

நம் ஆட்கள் குளித்துவிட்டுத் தூக்கிப்போய்க் கொடுத்தார்கள். முனியாண்டிக்கு ஆற்றிலிருந்து வேறு கல் வந்தது. நிறுத்துவதற்கு முன் நீ அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாய். பூசாரிகூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த மழைக்கே பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல். எங்கள் வாசலை மிதிக்க உனக்குத் தயக்கம். என் மனைவிதான் ஆள் அனுப்பினாள்: "அண்ணன வரச் சொல்லுங்க. கல்லு போச்சுன்னா மருந்துமா போச்சு?" ஓடி வந்தாய். அந்தப் பிள்ளைதான் இன்று விளக்குத் தேய்த்தவள்.

யார் அந்தப் பெண், அந்த மேட்டை யார் போட்டார்கள் என்று நீ கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாய். விடை தெரியாமலே போய்விட்டாய். இப்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜொகூர் பாருவில் உன் கல்லறைக்கு முதல் தடவை போனபோது, என் மனைவி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணனுக்குக் கால்மாட்டுல ஒண்ணுமில்லையே" என்றாள். அடுத்த தடவை ஆற்றிலிருந்து ஒரு கல்லை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். அதை வைப்பதற்கு முன் நான் வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.