யாருமில்லாத மலை கேட்டாய்

மகன் ஜிங்யுவானுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை வான்யி எழுதுவது. ஷெக்ஸியனில் நாங்கள் மூவரும் நலம், அப்பாவுக்கு ஜலதோஷம்கூட இல்லை, ஆனால் தெருவில் யார் கேட்டாலும் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி என்றே சொல்லிவைத்திருக்கிறேன், காரணத்தைக் கேள். ஷாங்காயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா?

ஆறு பேர் படுக்கும் அறையில் மூச்சு முட்டுகிறது, சுவரில் மாட்ட யாருமே இல்லாத ஒரு மலை வரைந்து அனுப்புங்கள் என்று அப்பாவைக் கேட்டாயே, குளிர்காலம் முழுக்க அதைத்தான் வரைந்தார். கீழே ஒரு பைன் மரம், மேலே ஒரு சிகரம், நடுவில் தாளை வெள்ளையாகவே விட்டுப் பனிமூட்டம். பார்த்தால் நம் குரல் தானாகத் தணிந்துவிடும். அப்படியே சுருட்டி அனுப்பியிருக்கலாம், ஆனால் நண்பர்களைத் தேநீருக்கு அழைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் படத்திலேயே இரண்டு வரி எழுதி முத்திரை வைப்பதுதானே மரியாதை, தூரிகையையும் இவரே நீட்டினார். மருந்துக்கடை ஃபாங் பனிமூட்டத்தின் நட்டநடுவில் இங்கே மனிதக் குரலே கேட்காது என்று எழுதினார். வாத்தியார் ஹுவோ அதற்குப் பதில் எழுதினார், ஃபாங் விடுவாரா, பதிலுக்குப் பதில். "அண்ணே, எங்களுக்காகத்தானே இவ்வளவு இடம் விட்டுவச்சிருக்கீங்க" என்று சிரிப்பு வேறு. வந்தவர்கள் அத்தனை பேரும் தனிமையைப் புகழ்ந்து முடித்தபோது பனியையே காணோம், மிளகாய் விழுதை மிதித்த பூனை நடந்ததுபோல் எங்கும் சிவப்பு முத்திரை.

அப்பா சோற்றைத் தொடவில்லை. "இதை அனுப்பினா அவன் ரூமுக்கு இன்னும் பத்துப் பேர் குடிவந்த மாதிரி" என்றார். படத்தைக் கொண்டுவர ஒப்புக்கொண்ட துணி வியாபாரி ஷாங்காய்க்குக் கிளம்ப ஒரு வாரமே இருந்தது, அதற்குள் புதிதாக வேறொன்று வரைய வேண்டும், வீட்டில் ஆள் நடமாடினால் அவருக்குப் பனி கையில் வராது. அதனால்தான் பொன்னுக்கு வீங்கி. ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை. ஃபாங் மட்டும் மதிலுக்கு அப்பால் நின்று "அண்ணி, எந்தக் கன்னம் வீங்கியிருக்கு" என்று கேட்டார், நான் இடது என்றேன், வான்யி அதே நேரம் வலது என்றாள், இரண்டுக்கும் மருந்து வந்தது.

முதலில் அப்பாவுக்குப் பரம சந்தோஷம். பிறகு வாசலையே பார்க்க ஆரம்பித்தார். "ஒருத்தனும் எட்டிப் பாக்கலையே" என்று என்மேலேயே கோபம். நேற்றுப் படம் முடிந்தது. பனி முன்னதைவிட அருமை, ஓர் எழுத்து இல்லை. ஆனால் கீழே பாலத்தில் நகத்தளவுக்கு ஒருவர் மதுக்குடுவையோடு கால் வளைந்து நடந்துவருகிறார், சாட்சாத் ஃபாங்கேதான். பிள்ளை யாருமில்லாத மலைதானே கேட்டான் என்றேன். "இன்னும் வந்து சேரலையே, தூரத்துலதானே வர்றான்" என்றார்.

படம் துணி வியாபாரியிடம் இருக்கிறது. மாட்டும்போது அறையில் தூரிகை எதையும் வெளியே வைக்காதே. நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி, நெடுநாள் நன்றாக இரு.

உன் அம்மா

(கையெழுத்து மட்டும் என்னுடையது, பொன்னுக்கு வீங்கி அம்மாவுடையது. வான்யி)